ஊருக்கெல்லாம் என் நம்பர்

என் போனை ஊர்க்கூட்டம் வாங்கி வெச்ச கதையை எங்க ஊர்ல ஆளுக்கொரு விதமாச் சொல்லுவாங்க. "பொட்டப்புள்ளைக்குத் திமிரு ஏறிப்போச்சு, அடக்கி வெச்சோம்"னு கொஞ்சம் பேரு. "பாவம், அதுவே எறங்கி வந்துருச்சு"ன்னு கொஞ்சம் பேரு. ரெண்டுமே கப்சா. நான் அடங்கவும் இல்ல, எறங்கி வரவும் இல்ல. என் கதையை எனக்குப் பதிலா வேற யாரோ சொல்லிட்டுத் திரியறது எனக்கு ஆகாது. அதான் நானே எழுதறேன்.

எனக்குப் போன்னா ஒரு பைத்தியம். அதை மறைக்க எனக்கு என்ன கேடு? மத்த புள்ளைங்க தோடு பாக்கும், சுடிதார் பாக்கும். நான் புதுசா வந்த போனுக்கு எத்தனை ராம், பேட்டரி எவ்வளவு தாங்கும், வெயில்ல திரை தெரியுமான்னு பாத்துட்டுக் கெடப்பேன். வாங்கப் போறதில்லைன்னு தெரிஞ்சும் பாப்பேன். டவுன்ல இருக்கறவன் பெட்டியைப் பிரிச்சுக் காட்டற வீடியோ எங்க மலையில சுத்திச் சுத்தி நிக்கும். நிக்கட்டும், நானும் நிப்பேன்.

சொந்தமா ஒரு போன் வாங்கினது மிளகுல. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஏணி போட்டுக் கொடியில பறிக்கிற மிளகு காட்டுக்குச் சொந்தக்காரங்களுக்கு. கீழ உதிர்ந்து கெடக்கறது பொறுக்குற பொண்ணுங்களுக்கு. அதுல எவனும் கணக்கு கேக்க மாட்டான், பெத்த அப்பனே ஆனாலும் கேக்கக்கூடாது. ரெண்டு பருவம் சருகைக் கிளறிக் கிளறிப் பொறுக்கினேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு, நகத்துக் கண்ணெல்லாம் மண்ணு. காய வெச்சு, புடைச்சு, மூட்டையைத் தூக்கிட்டுப் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டே சேந்தமங்கலம் எறங்கி வித்தேன். திரும்பி வரும்போது மடியில போன் இருந்துச்சு. அன்னிக்கு வாந்தியே வரல.

அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டு, கரெக்டா கேமரா மேலயே குங்குமம் வெச்சுட்டாங்க. நான் மொதல்ல செட்டிங்ஸுக்குள்ள போனேன். எதை அமுக்கினா என்ன ஆகும்னு ஒன்னு விடாம அமுக்கிப் பாத்தேன். போனுக்கு ஒரு பூட்டு, சிம் கார்டுக்குத் தனியா ஒரு பூட்டு. சிம்முக்கும் பூட்டு போடலாம்ங்கறதே எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனிமே சொல்லப்போறது கொஞ்சம் கூத்து. எங்க ஊரு பள்ளத்துல இருக்கு. டவர் எங்கயோ இருக்கு, நடுவுல மலை. ஊருக்குள்ள சிக்னல் ஒரு கோடு வரும், நீங்க "ஹலோ"ன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள போயிடும். எங்க ஊடு ஒன்னுதான் மேட்டுல. ஊட்டுக்குப் பின்னால, பொடக்காளியில, பலாமரத்துக்குப் பக்கத்துல ஒரு பாறை. அதுமேல ஏறி நின்னா முழுசா சிக்னல். வேற எங்கயும் கிடையாது.

இப்ப எதை எடுத்தாலும் ஓடிபி கேக்கறாங்க இல்லீங்களா? கேஸ் புக் பண்ண ஓடிபி, பேங்குக்கு ஓடிபி, ரேஷன் கார்டுல ஒரு பேரு சேக்க ஓடிபி. எங்க ஊர்க்காரங்க மலையில பெரிய ஊரான செம்மேட்டு ஆபீஸுல போய் நின்னு அவங்கவங்க நம்பரைக் குடுப்பாங்க. ஊட்டுக்கு ஒரு போன், அது ஊட்டுலயே கெடக்கும்; ஓடிபி பள்ளத்துல அதுக்கு வந்து சேர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். மறுபடி போவாங்க, மறுபடி முடிஞ்சிடும். எத்தனை பேரு பஸ்ஸுக்குச் செலவு பண்ணி வெறுங்கையோட வந்தாங்கன்னு சொல்லி மாளாது.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் என் நம்பரைக் குடுத்துட்டான். பாறை மேல டக்குன்னு ஓடிபி வந்துச்சு, நான் ஆபீஸுக்கே போன் போட்டுச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், ஊரே தொத்திக்கிச்சு. கேஸுக்கு என் நம்பர், பேங்குக்கு என் நம்பர், கல்யாணமாகிப் போன மகளோட பிரசவத்துக்கு என் நம்பர். சொந்த மகன் நம்பர் தெரியாத பெரியவங்க கூட என் நம்பரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சாங்க.

நான் பாறை மேல நின்னு கத்துவேன். "மேலத் தெருவு, கேஸு! நாலு, ஏழு, ரெண்டு..." கீழ இருந்து யாராவது "ஆங், சொல்லு கண்ணு!"ன்னு கத்துவாங்க. இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கும். நான் மலைக்கே கேக்கறாப்புல சொல்லுவேன். அடுத்த மலையூர்ல இருந்து யாராவது காது குடுத்துக் கேட்டிருந்தா எங்க ஊரையே வித்துட்டுப் போயிருக்கலாம். நல்லவேளை, எங்களைக் கொள்ளையடிக்கற அளவுக்கு எவனுக்கும் பொறுமை இல்ல.

இதுல யாரும் "பொட்டப்புள்ள எதுக்கு டச்சு போன் வெச்சிருக்குது"ன்னு கேக்கல. கேப்பாங்களா? வேலை நடக்குதே.

அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுப் பையன் கூடப் போயிட்டா. போன்ல பேசிப் பழக்கமாம். அவ்வளவுதான், எங்க ஊர்ல பத்திக்கிச்சு. ஊர்க்கவுண்டர் கூட்டம் கூட்டினாரு. ஊர்க்கவுண்டர்னா எங்க ஊருக்குத் தலைவரு. கோயில் காரியம், கல்யாணம், சண்டை சச்சரவு, எல்லாம் அவரு வாயில வந்தாத்தான் முடிவு. எனக்குப் பெரியப்பா முறை. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். நல்லவருங்கறதையும் அப்ப நம்பறதா இல்ல.

கூட்டம் நடக்கறது ஊர் மந்தையில. மந்தையைச் சுத்தி முழங்கால் உசரத்துக்குக் கல்லு நட்டிருக்கும். ஆம்பளைங்க கல்லுக்கு உள்ள உக்காருவாங்க. ஊட்டுக்கு ஒருத்தர். பொம்பளைங்க கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்கலாம், பேசக்கூடாது, உள்ள கால் வெக்கக்கூடாது. ஆம்பளை இல்லாத ஊடுன்னா அந்த ஊட்டுக்குப் பேச வாயே கிடையாது. நான் கல்லுக்கு வெளியில நின்னு கேட்டுட்டு இருந்தேன்.

முடிவு இதுதான். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க டச்சு போன் வெச்சுக்கக் கூடாது. இருக்கறதையெல்லாம் ஊர்க்கவுண்டர் ஊட்டுப் பொட்டியில குடுத்துரணும். கல்யாணத்தன்னிக்குப் புருஷன் கையில குடுப்பாங்களாம். வேணும்னா பட்டன் போன் வெச்சுக்கலாமாம். குடுக்காத ஊட்டை ஊரு ஒதுக்கி வெச்சிரும்.

என்னால தாங்க முடியல. ஓடிப்போனது ரெண்டு பேரு. அந்தப் பையனும் போன்லதானே பேசினான்? அவன் என்ன புறாவா விட்டான்? பையனுங்க போனை ஏன் வாங்கலைன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்க வேண்டிய வாயெல்லாம் கல்லுக்கு வெளியில நிக்குது.

அப்பா மந்தையில இருந்து வந்தாரு. சாப்பிட உக்காந்தாரு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "குடுத்துரு கண்ணு. கொஞ்ச நாளைக்கு. அப்புறம் எல்லாரும் மறந்துருவாங்க"ன்னாரு.

"மாட்டேனுங்கப்பா."

"ஊரு ஒதுக்கிட்டா நம்ம மரவள்ளிக்கு ஆள் வராது. கோயில்ல பங்கு வராது. உங்கம்மா தண்ணிக்குப் போனா ஒருத்தியும் பேச மாட்டா. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. அதுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, குடுத்தர்றேன்."

அவரு கையைக் கழுவிட்டு எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சுப் போயிட்டேன். அப்பா யாரையும் அதட்டிப் பேசினதில்ல. மாட்டைக் கூட, "நட சாமி"ன்னுதான் ஓட்டுவாரு. அதனால முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மறுநாள் காலையில குளிச்சுட்டு வந்து பாக்கறேன், சார்ஜர் வயரு மட்டும் சுவத்துல தொங்குது. போனைக் காணோம். அப்பாவையும் காணோம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தலையில தண்ணி சொட்டச் சொட்ட வாசல்ல நின்னேன். அப்பா கீழ இருந்து மேடு ஏறி வந்துட்டு இருந்தாரு, கையை வீசிக்கிட்டு. வெறுங்கை.

"அது உங்க போனாப்பா?"

அவரு என் மூஞ்சியைப் பாக்கல. "இந்த ஊட்ல இருக்கற எல்லாத்துக்கும் நான்தான் கண்ணு ஊருக்குப் பதில் சொல்லோணும்"னாரு.

ஊரு மேல வந்த கோவத்தை விட அப்பா மேல வந்த கோவம் பெருசு. அவங்க கேட்டாங்க, சரி. இவரு எடுத்துட்டுல்ல போனாரு, நான் குளிக்கற நேரம் பாத்து! அன்னிக்கு முழுக்க நான் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. அழுது முடிச்சதும் ஒரு முடிவு எடுத்தேன். போன் வேணும். ஆனா கெஞ்சி வாங்க மாட்டேன்.

மத்த பொண்ணுங்களோட போனும் பொட்டிக்குள்ள போயிருச்சு. ஒருத்தி நர்சிங் காலேஜுல சேர்றதுக்காக அதுலதான் பாடம் பாத்துட்டு இருந்தா. அவளுக்கு அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். எனக்குச் சின்னம்மா முறை. அந்த ஊட்ல ஆம்பளை இல்லாததால ஊர்க்கவுண்டரே வாசலுக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டாரு. இன்னொருத்தி சும்மா டான்ஸ் வீடியோ பாக்கறவ. சும்மா பாத்தா என்ன? ஆம்பளைங்க மந்தையில குந்திக்கிட்டு ரம்மி ஆடறாங்களே, அது என்ன கலெக்டர் வேலையா?

ரெண்டு மூணு நாள் ஊரு கம்முனு இருந்துச்சு. அப்புறம் மேலத் தெருவுல ஒரு ஊட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு. அந்த ஊட்டு அத்தை மேடு ஏறி, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. "கண்ணு, ஒரு ஓடிபி."

நான் மரவள்ளித் தோலு உரிச்சுட்டு இருந்தேன். "போன் ஊர்க்கவுண்டர் ஊட்ல இருக்குதுங்க அத்தை. அங்க போய்க் கேளுங்க."

அத்தை அங்க போனாங்க. ஊர்க்கவுண்டர் பொட்டியைத் தொறந்து பாத்தா போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு. சார்ஜ் போட்டாங்க. உசுரு வந்துச்சு, சிக்னல் வரல. பள்ளத்துல எங்கிருந்து வரும்? அன்னிக்கு மத்தியானம் எங்க ஊட்டுப் பக்கமா ஒரு ஊர்வலம் வந்துச்சு பாருங்க, நான் செத்தாலும் மறக்க மாட்டேன். முன்னால ஊர்க்கவுண்டர், வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, ரெண்டு கையிலயும் தட்டத்துல தேங்கா பழம் கொண்டு வர்றாப்புல என் போனை ஏந்திக்கிட்டு. பின்னால கேஸ் அத்தை. அவங்களுக்குப் பின்னால இன்னும் நாலஞ்சு பேரு, அவங்களுக்கும் ஏதேதோ வேலை நிக்குதாம்.

எங்க பொடக்காளிக்கு வந்து, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பாறை மேல ஏறினாரு. போனை வானத்தைப் பாத்துத் தூக்கிப் புடிச்சாரு. பனி எறங்கிட்டு இருந்துச்சு. அவரு அப்படியே நிக்கறாரு. எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. நான் தோலு உரிச்சுட்டே இருந்தேன்.

"என்னமோ நம்பர் கேக்குதே"ன்னாரு.

"அது சிம்மு பூட்டுங்க பெரியப்பா. அதைத் தொறந்தா போன் பூட்டு கேக்கும்."

"என்ன நம்பரு?"

"சொல்ல மாட்டேனுங்க."

அவருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. இருந்தாலும் அதட்டல. எறங்கிப் போயிட்டாரு. மறுநாள் நாமக்கல்ல கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கற அவரு மருமகனைக் கூட்டிட்டு வந்தாரு. மருமகன் வரும்போதே ஒரு சிரிப்பு. "இதெல்லாம் ஒரு மேட்டரா மாமா"ன்னு என் சிம்மைக் கழட்டித் தன் போன்ல போட்டாரு. அங்கயும் நம்பர் கேட்டுச்சு. ஒன்னு ரெண்டு மூணு நாலு போட்டாரு. தப்புன்னுச்சு. நாலு சைபரைப் போட்டாரு. தப்பு, இன்னும் ஒரே ஒரு தடவைதான்னு வந்துச்சு. சிரிப்பு நின்னுபோச்சு.

"போடுங்க, போடுங்க. மூணாவதும் தப்பாப் போட்டா சிம்மு பூட்டிக்கும், அப்புறம் என் கையெழுத்து இல்லாம அதை எவனாலயும் தொறக்க முடியாது"ன்னேன். அவரு அதைப் பாம்பைத் தொட்டாப்புல கழட்டி என் போன்லயே திருப்பிப் போட்டாரு.

அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னாரு. எல்லாரும் செம்மேட்டுக்குப் போய் அவங்கவங்க நம்பரை மாத்திக்கலாமாம். நான் சிரிச்சேன். "மாத்தலாமுங்க. ஆனா நம்பரை மாத்தறதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும்." பாறையைச் சுத்தி நின்னவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அதைப் பாக்க அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. நான் ஒன்னும் உத்தமி இல்ல.

ஊர்க்கவுண்டர் என் பக்கத்துல வந்து குரலை எறக்கினாரு. "சாமி, போன் பொட்டியிலயே இருக்கட்டும். தினம் ஒரு தடவை நான் எடுத்தாரேன். நீ தொறந்து படிச்சுச் சொல்லிட்டுக் குடுத்துரு. ஊரும் நடக்கும், கூட்டத்துல சொன்ன வார்த்தையும் நிக்கும்."

"பூட்டி வெக்கறது நீங்க, தொறந்து வுடறது நானா? என்னால ஆகாதுங்க பெரியப்பா."

அன்னிக்கே ஊர்ல பாதிப் பேரு என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாங்க. தண்ணிக்குப் போன அம்மா கண்ணு கலங்கித் திரும்பி வந்தாங்க. "உனக்கு ஏன்டி இந்த வீம்பு?"ன்னாங்க. எனக்கும் வலிக்கத்தான் செஞ்சுது. ஆனா ஒரு தடவை தலையை ஆட்டிட்டா அப்புறம் ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு எனக்குத் தெரியும்.

என்னை உலுக்கினது சின்னம்மாதான். ஒரு நாள் ஓட்டமும் நடையுமா வந்தாங்க, பின்னால அவங்க மக. நர்சிங் காலேஜுல சீட்டு கெடைச்சிருக்கு, ஆன்லைன்ல ஒத்துக்கணும், அன்னிக்கு சாயங்காலத்தோட கடைசி. அதுக்கும் ஓடிபி. பதியும்போது குடுத்ததும் என் நம்பர்தான். அந்தப் புள்ள துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுட்டு நின்னுச்சு.

நான் செருப்பைக் கூடப் போடாம ஊர்க்கவுண்டர் ஊட்டுக்கு எறங்கினேன். "போனைக் குடுங்க பெரியப்பா. இவ சீட்டுக்கு." அவரு எடுத்துக் குடுத்துட்டு, கூடவே மேடு ஏறி வந்தாரு. பாறை மேல ஏறி, கையை மறைச்சு ரெண்டு பூட்டையும் தொறந்தேன். மெசேஜா வந்து கொட்டுச்சு. எதையும் பாக்கல. அவ சீட்டை ஒத்துக்கற வரைக்கும் எல்லாத்தையும் முடிச்சேன். "ஆயிருச்சு"ன்னேன். சின்னம்மா அங்கயே பாறையில உக்காந்து அழுதுட்டாங்க.

போன் என் கையில. லேசா சூடா இருந்துச்சு. ஊர்க்கவுண்டர் கீழ, மூச்சு வாங்கிட்டு நிக்கறாரு. ஊட்டுக்குள்ள ஓடிப் போய் தாழ் போட்டிருந்தா யாரு என்ன பண்ணியிருக்க முடியும்? நெனச்சேன், நெனக்காம இல்ல. ஆனா அது என்னுது. என்னுதை நான் ஏன் திருடிட்டு ஓடணும்? நாலு பேரு பாக்க முடிவு பண்ணி வாங்கினதை நாலு பேரு பாக்கத் திருப்பிக் குடுக்கட்டும். போனை அணைச்சு, அவரு கையில குடுத்தேன்.

"இந்தாங்க. இதுதான் கடைசி. இனிமே இந்தப் பாறையில யாருக்கும் ஒரு நம்பர் கூட வராது, என் போன் என் கைக்கு வர்ற வரைக்கும்."

அப்பா பலாமரத்தடியில நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்திருக்காரு. அவங்க போனதும் கிட்ட வந்தாரு. "கைக்கு வந்ததை ஏன் கண்ணு குடுத்த?"

"நீங்க குடுத்தீங்கல்லப்பா. அவங்களும் அதே மாதிரி குடுக்கட்டும்."

அவரு அன்னிக்குச் சாப்பிடல. அம்மா கூப்பிட்டுப் பாத்தாங்க, வயிறு சரியில்லைன்னுட்டாரு.

அந்த வாரக் கடைசியில மறுபடி கூட்டம். ஊருக்குள்ள அடுப்பு எரியாத ஊடு கூடிக்கிட்டே போச்சு, பேங்குல கெடக்கற பணத்தை எடுக்க முடியல, ஆளாளுக்கு ஊர்க்கவுண்டரைப் புடிச்சு நச்சரிக்கறாங்க. மந்தை நிறைஞ்சிருந்துச்சு. நான் கல்லுக்கு வெளியில நின்னேன். பக்கத்துல அந்தப் பொண்ணுங்க எல்லாம் வந்து நின்னாளுங்க.

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிச்சாரு. கூட்டத்துல சொன்ன வார்த்தை வார்த்தைதானாம், அதுல மாத்தமில்லையாம். ஆனா ஊர்க் காரியம் நிக்கறதால என் ஒருத்திக்கு மட்டும் விதிவிலக்காம். ஊருக்கு உபயோகமான புள்ளையாம் நான். என்னமோ என்னைக் கூப்பிட்டு மாலை போடறாப்புல பேசினாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. உபயோகப்பட்டா வெச்சுக்கலாம், இல்லைன்னா புடுங்கிக்கலாமா?

மடியில இருந்து போனை எடுத்து, அப்பாவைக் கூப்பிட்டாரு. "வாய்யா, வந்து வாங்கிக்க. புள்ளைகிட்டச் சொல்லிக் குடு, பாத்து வெச்சுக்கச் சொல்லு."

அப்பா எந்திரிச்சாரு. கிட்டப் போனாரு. கையை நீட்டல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு.

"எங்கிட்ட எதுக்குங்க?"

"ஏன்யா, நீதான கொண்டாந்து குடுத்த?"

"நாந்தானுங்க கொண்டாந்தேன். அது என்ற போன் இல்லீங்க. உதுரு மிளகு பொறுக்கி அவ வாங்கினது. உதுரு மிளகுல நமக்குப் பேச்சில்லைன்னு இந்த மந்தையில இருக்கற எல்லாத்துக்கும் தெரியும். நாந்தான் மறந்துட்டேன்." அவ்வளவு பேரு முன்னால அப்பா அத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்ல. "அவகிட்டயே குடுங்க."

"அவ எப்படிய்யா உள்ள வருவா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அவ வந்து வாங்கினா வாங்கட்டும். இல்லீன்னா உங்க பொட்டியிலயே கெடக்கட்டும். நான் தொட மாட்டேன்."

முழங்கால் உசரக் கல்லு, ஒரு எட்டு வெச்சாத் தாண்டிரலாம். ஆனா எங்கம்மா தாண்டினதில்ல, எங்கம்மாவோட அம்மாயி தாண்டினதில்ல. நான் தாண்டினேன். பாவாடை கல்லுல மாட்டுச்சு, இழுத்து விட்டுக்கிட்டேன். யாரோ "ஏய்"ன்னாங்க. யாருன்னு திரும்பிப் பாக்கல. நேரா நடந்து போய் ஊர்க்கவுண்டர் முன்னால கையை நீட்டினேன்.

அவரு என்னையும் பாத்தாரு, அப்பாவையும் பாத்தாரு. போனை என் கையில வெச்சாரு.

"சரி, போ கண்ணு."

"மத்ததுங்களும்?"

"என்ன மத்தது?"

"மத்த பொண்ணுங்க போனுங்க பெரியப்பா. அவளுங்களுக்கு விதிவிலக்கு இல்லைன்னா எனக்கும் வேண்டாம். ஓடிபியும் கிடையாது."

"கூட்டத்துல சொன்ன வார்த்தை..."

"வார்த்தையை நீங்களே வெச்சுக்குங்க. போனைக் குடுங்க." அப்படியே மந்தை மண்ணுல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். அப்பா என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டாரு. கேஸ் அத்தையோட ஊட்டுக்காரரு பின்னால இருந்து, "குடுத்துத் தொலைங்கப்பா, ஊட்ல விறகு ஊதி ஊதி எங்கம்மணி என்னை ஊதறா"ன்னாரு. நாலு பேரு சிரிச்சுட்டாங்க. சிரிச்சதும் கூட்டத்தோட முறுக்கு தளர்ந்துபோச்சு.

கொஞ்ச நேரம் காதோட காதாப் பேசிக்கிட்டாங்க. அப்புறம் பொட்டி வந்துச்சு. ஊர்க்கவுண்டர் மொதல் போனை வெளிய எடுத்தாரு. நீல உறை போட்டது, ஓரத்துல திரை கீறியிருந்துச்சு. பழக்கம் விடுமா? அதைத் தூக்கிப் புடிச்சு, உக்காந்திருந்த ஆம்பளைங்க பக்கமாத் திரும்பி, "இது யாரு ஊட்டுது? வந்து வாங்குங்கய்யா"ன்னாரு.

ஒருத்தரும் எந்திரிக்கல. அந்த ஊட்டுக்கு மந்தைக்குள்ள ஆள் கிடையாது.

"யாருதுய்யா இது?" மறுபடி கேட்டாரு.

"என்னுதுங்க"ன்னு கல்லுக்கு வெளியில இருந்து ஒரு குரல் வந்துச்சு. திரும்பிப் பாத்தேன். நர்சிங் சேரப்போறவ. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு கல்லைத் தாண்டி உள்ள வந்துட்டு இருந்தா. அவளுக்குப் பின்னாலயே சின்னம்மாவும் தாண்டினாங்க.